9 மாதப் பாப்பாவுக்கு எடை ஏறவில்லை: டின் பவுடர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பெண் குழந்தை, 9 மாதம் முடிந்திருக்கிறது. பிறந்தபோது 2.6 கிலோ, 6 மாதத்தில் 6.5, இப்போது 6.9. அங்கன்வாடியில் வளர்ச்சி அட்டையின் நிறப் பட்டையைப் பார்த்து "பச்சையிலதான் இருக்கு, பயப்படாதீங்க" என்றார்கள். பக்கத்து வீட்டில் அதே வயதுப் பையன் 8.8 கிலோ இருக்கிறான். மாமியார் டின் பவுடர் கொடுக்கச் சொல்கிறார், பாப்பா இன்னும் தவழவும் இல்லை. இதுதான் நீங்கள் எழுதியிருப்பது. பவுடர் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: இந்த எடை குழந்தையின் இயல்பான வாகா, அல்லது சாப்பாடு போதாமல் வளர்ச்சி தேங்குகிறதா? அது தெரிந்துவிட்டால் பவுடர் கேள்விக்கு விடை தானாக வந்துவிடும்.

முதலில் பக்கத்து வீட்டுப் பையனை ஒதுக்கிவிடுங்கள். ஆண், பெண் குழந்தைகளுக்கு வளர்ச்சி அட்டவணையே தனித்தனி. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகோலின்படி 9 மாதத்தில் பெண் குழந்தையின் நடு அளவு 8.2 கிலோ, ஆணுக்கு 8.9. பெண் குழந்தைக்கு 6.5 கிலோவுக்குக் கீழே போனால்தான் "எடை குறைவு" என்ற மஞ்சள் பட்டை, 5.8-க்கும் கீழே என்றால் ஆரஞ்சு. உங்கள் பாப்பா 6.9. அங்கன்வாடியில் சொன்னது சரிதான், பச்சையில்தான் இருக்கிறாள். "அதெல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குப் போட்ட கணக்கு" என்று வீட்டில் யாராவது சொன்னால், அது உண்மையில்லை. அந்த அளவுகோலுக்காக அளக்கப்பட்ட குழந்தைகள் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியிலிருந்து வந்தவர்கள். தாய்ப்பால் குடித்து, நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகள் இந்த ஆறு இடங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நீளமாக வளர்ந்தார்கள்.

பச்சையில் இருக்கிறாள் என்பதோடு விஷயம் முடிந்துவிடாது. அட்டையில் ஒரு புள்ளி எங்கே விழுகிறது என்பதைவிட, புள்ளிகளைச் சேர்த்தால் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். 6 மாதத்திலிருந்து 9 மாதம் வரை பெண் குழந்தையின் நடு அளவு 7.3-இலிருந்து 8.2 ஆகிறது, அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய 300 கிராம். உங்கள் பாப்பா மூன்று மாதத்தில் ஏறியது மொத்தமே 400 கிராம். கோடு பச்சைக்குள்ளேயே இருந்தாலும் படுத்துவிட்டது. மஞ்சளுக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இப்போதே கவனிக்க வேண்டிய நிலை இது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிறந்தபோது 2.6 கிலோ என்பது பெண் குழந்தையின் நடு அளவான 3.2-க்கு நன்றாகக் கீழே. அங்கிருந்து 6 மாதத்துக்குள் ஒரு படி மேலே ஏறினாள், இப்போது பிறந்தபோது இருந்த அதே தடத்துக்கு ஏறக்குறையத் திரும்பியிருக்கிறாள். முதல் இரண்டு வயதுக்குள் குழந்தைகள் தங்கள் உடல்வாகுக்கு ஏற்றபடி மேலேயோ கீழேயோ தடம் மாறுவது உண்டு. அப்பா அம்மா இருவரும் சிறிய உடல்வாகு என்றால் இது அப்படியும் இருக்கலாம். எது என்பதை எடையை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது, குழந்தையைப் பார்க்காமல் நானும் சொல்ல மாட்டேன். அதைப் பிரித்துக் காட்ட நீளமும், தட்டில் என்ன விழுகிறது என்ற கணக்கும் வேண்டும். குறை மாதத்தில் பிறந்தாளா என்றும் நீங்கள் எழுதவில்லை. 36 வாரத்தில் பிறந்திருந்தால் இப்போது 8 மாதக் குழந்தையாக வைத்துத்தான் அட்டையில் குறிக்க வேண்டும். இரண்டு வயது வரை வயதில் இப்படிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால், இந்த எடைகளே சரியா என்று பாருங்கள். 6 மாதத்தில் ஆஸ்பத்திரி எலக்ட்ரானிக் தராசில் டயப்பரோடு பார்த்து, இப்போது அங்கன்வாடியில் தொங்கு தராசில் வெற்றுடம்போடு பார்த்திருந்தால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. நனைந்த டயப்பர் மட்டுமே 200 கிராம் வரை கூட்டிவிடும். வயிறு நிறையப் பால் குடித்திருந்தால் அது ஒரு 100, 150. வெள்ளி அரைஞாண், காப்பு, கொலுசு எல்லாம் சேர்ந்தால் இன்னும் ஒரு 50. தொங்கு தராசில் கோடுகள் 100 கிராம் இடைவெளியில்தான் இருக்கும், குழந்தை கால் உதறும்போது முள் ஆடிக்கொண்டே இருக்கும். சரியாகப் பார்க்கும் முறை இது: தராசைச் சமதளத்தில் வைத்து, விரிக்கும் துணியைப் போட்ட பிறகு பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வர வேண்டும். டயப்பர் உட்பட எல்லாவற்றையும் கழற்றி, பால் கொடுப்பதற்கு முன், குழந்தை அசையாமல் இருக்கும் ஒரு நொடியில் அளவைப் படிக்க வேண்டும். ஒருமுறை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தால் அதே எண் வர வேண்டும். அடுத்த மாதமும் அதே தராசு, அதே நேரம். வீட்டிலிருக்கும் பெரியவர்கள் தராசில் நீங்கள் குழந்தையோடு ஒருமுறை, தனியாக ஒருமுறை நின்று கழித்துப் பார்ப்பது இந்த வயதுக்கு ஒத்துவராது, அதன் பிழையே அரைக் கிலோ வரை போகும்.

நீளத்தைப் படுக்க வைத்து அளக்கும் பலகையில்தான் பார்க்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் தலையைப் பலகையின் மேல்முனையில் ஒட்டிப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெதுவாக அழுத்தி நேராக்கி, பாதத்தில் நகரும் தட்டைக் கொண்டு வந்து வைக்க வேண்டும். கட்டிலில் படுக்க வைத்து டேப் பிடித்தால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் சுலபமாகத் தவறும். 9 மாதப் பெண் குழந்தைக்கு நடு அளவு 70 செ.மீ., 65-க்குக் கீழே என்றால் குட்டை என்று கணக்கு. நீளமும் எடையும் சேர்ந்தே சற்றுக் குறைவாக, ஒரே சீராகப் போனால் உடல்வாகாக இருக்க வாய்ப்பு அதிகம். நீளம் நன்றாக இருந்து எடை மட்டும் பின்தங்கினால் சாப்பாடோ நோயோ சமீபத்தில் இடறியிருக்கிறது. கூடவே கையின் சுற்றளவும் பார்க்கச் சொல்லுங்கள். இடது கையில், தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுவில், கை தளர்ந்து தொங்கும்போது டேப்பை இறுக்காமல் சுற்ற வேண்டும். 12.5 செ.மீ.-க்கு மேல் என்றால் நிம்மதி. 11.5-க்குக் கீழே என்றால் அட்டையில் எந்த நிறமாக இருந்தாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன், 6 மாதத்துக்குப் பிறகு எடை தேங்கும் குழந்தைகளில் பெரும்பாலும் காரணம் இங்கேதான் கிடைக்கும். நீங்கள் எழுதிய பட்டியல்: காலையும் இரவும் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் இரண்டு கரண்டி சாதத்தில் பருப்புத் தண்ணீர் ஊற்றிக் கரைத்தது, மாலையில் அரை வாழைப்பழம், நடுவில் தாய்ப்பால். கேட்க நாலு வேளை என்று நிறைவாக இருக்கிறது. கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. ஒரு டம்ளர் கஞ்சிக்கு நீங்கள் போடும் இரண்டு டீஸ்பூன் மாவு ஏறக்குறைய 10 கிராம், அதில் கிடைப்பது 33 கலோரிதான். இரண்டு வேளைக்கு 66. சாதம் 40, பருப்புத் தண்ணீரில் பெயருக்கு ஏதோ கொஞ்சம், பழம் 45. மொத்தம் 150-ஐச் சுற்றி நிற்கும். 9 முதல் 11 மாதம் வரை, ஓரளவு தாய்ப்பாலும் குடிக்கும் குழந்தைக்குத் திட உணவிலிருந்து மட்டும் நாளுக்குச் சுமார் 300 கலோரி வேண்டும். பாதிதான் போகிறது. இந்த வயதில் வயிற்றின் கொள்ளளவே ஏறக்குறைய 200 மில்லி. அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் குழந்தை வயிறு நிறைந்து வாயை மூடிக்கொள்ளும், பசியாறியது போலவே தெரியும். பருப்பில் சத்து பருப்பில்தான் இருக்கிறது, அதன் தெளிந்த தண்ணீரில் மிகக் கொஞ்சம்தான் இறங்கும்.

ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் உணவு வழியக் கூடாது, மெதுவாக நழுவி விழ வேண்டும். அதுதான் பதம். ஒரு வேளைக்கு 20 கிராம் பச்சரிசி, 10 கிராம் வறுத்த பாசிப்பருப்பு, தண்ணீர் அளவாக வைத்துக் குழைய வேகவிட்டு, ஒரு டீஸ்பூன் நெய்யோ செக்கு எண்ணெயோ விட்டு மசித்தால் அரைக் கிண்ணம் வரும், ஏறக்குறைய 145 கலோரி. கேரட், பூசணி, முருங்கைக்கீரை எது இருக்கிறதோ ஒரு பிடி சேர்த்து வேகவையுங்கள். கேழ்வரகை விட வேண்டாம், ஆனால் மாவை 20 கிராமாக்கி, ஒரு டீஸ்பூன் வறுத்த நிலக்கடலைப் பொடி, சிறு துண்டு வெல்லம், ஒரு டீஸ்பூன் நெய் சேர்த்துக் களி போலக் கிளறினால் 33 கலோரி 150-ஐத் தாண்டிவிடும். கடலை பொடியாகவே இருக்கட்டும், முழுக்கடலை மூச்சுக்குழாயில் சிக்கும். வீட்டில் முட்டை சாப்பிடுவீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நன்றாக வெந்த முட்டையை முதல் நாள் ஒரு ஸ்பூன் கொடுத்து, தடிப்போ வாந்தியோ இல்லையென்றால் சில நாளில் தினம் ஒரு முட்டைக்கு வந்துவிடலாம். முள் நீக்கிய மீன், மசித்த ஈரல் எல்லாம் இந்த வயதுக்கு ஆகும். தேன் மட்டும் ஒரு வயது வரை கூடவே கூடாது. உப்பும் சர்க்கரையும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

கெட்டியாகக் கொடுத்தால் துப்புகிறாள் என்றால் அதற்கு ஒரு நல்ல வழி முளைகட்டிய கேழ்வரகு. 12 மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி ஒன்றரை நாள் முளைக்கவிட்டு, நிழலில் உலர்த்தி, லேசாக மட்டும் வறுத்து அரைக்க வேண்டும். முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி உண்டாகிறது, அது மாவுச்சத்தைச் சிறிதாக உடைக்கும். கெட்டியாகக் கிளறிய களியைச் சற்று ஆறவிட்டு, இந்த மாவில் அரை டீஸ்பூன் கலந்து ஐந்து நிமிடம் வைத்தால், தண்ணீர் சேர்க்காமலே இளகிவிடும். அதன் பிறகு மறுபடி ஒரு கொதி விட வேண்டும். முளைகட்டும்போது கிருமியும் சேர்ந்து பெருகியிருக்கும் என்பதால் இந்தக் கொதியை விட்டுவிடக் கூடாது. மாவைக் கருக வறுத்தாலோ, கொதிக்கும் களியில் போட்டாலோ நொதி செத்துவிடும், களி இளகாது. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவு ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையான குழந்தைக்கு உரியது. பல வீடுகளில் அது பெரியவர்களுக்குக் கொழுக்கட்டையாகப் போய்விடுகிறது. உங்கள் பங்கு வாங்காமல் இருந்தால் வாங்குங்கள், அது பாப்பாவுக்கே போகட்டும். அதில் ஏற்கெனவே இனிப்பு உண்டு, மறுபடி சர்க்கரை போட வேண்டாம்.

நாளுக்கு மூன்று, நான்கு வேளை திட உணவு, இடையில் ஒன்றிரண்டு முறை பழமோ இட்லியோ. சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வரை பால் கொடுக்காதீர்கள், சாப்பாடு முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கட்டும். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இந்த வயதிலும் பாதிச் சக்தி அதிலிருந்துதான் வருகிறது. ஊட்டும்போது குழந்தையை நிமிர்த்தி உட்கார வையுங்கள், தனித் தட்டு வைத்தால்தான் எவ்வளவு போனது என்று தெரியும். செல்போன் காட்டி ஊட்டினால் இரண்டு வாய் கூடப் போகும்தான். ஆனால் பசி, நிறைவு இரண்டையும் உணராமலே பழகி, பத்து மாதத்தில் தொடங்கிய தகராறு மூன்று வயது வரை நீளும். 20, 25 நிமிடத்துக்கு மேல் ஒரு வேளையை இழுக்காதீர்கள். வாயைத் திருப்பினால் சற்று நிறுத்தி மறுபடி கேளுங்கள், மூக்கைப் பிடித்துப் புகட்டுவது வேண்டவே வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

சாப்பாட்டுக்கு அடுத்து இரும்புச்சத்து. பிறக்கும்போது கொண்டு வந்த இருப்பு ஆறு மாதத்தோடு தீரும், எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அதற்கும் முன்பே. இரும்பு குறைந்தால் பசியும் குறையும். கிராம சுகாதார செவிலியர் கொடுக்கும் இரும்புச்சத்து சிரப் வாரம் இரண்டு முறை 1 மில்லி, அதில் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கும். பாலோடு கலக்காமல் கொடுங்கள், மலம் கருப்பாகப் போவது இயல்பு. 9 மாதத்துக்கான தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ-வும் போடப் போகும்போதே நீளம், கைச்சுற்றளவு, உள்ளங்கை வெளுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள். இடையில் வயிற்றுப்போக்கு வந்திருந்தால் அதுவே மூன்று மாதக் கோட்டைப் படுக்க வைக்கப் போதும். ஓ.ஆர்.எஸ்.-ஓடு துத்தநாகம் 20 மில்லிகிராம் 14 நாள் கொடுக்க வேண்டும், பேதி நின்றதும் நிறுத்திவிடக் கூடாது. குணமான பிறகு இரண்டு வாரத்துக்கு வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள்.

டின் பவுடர் பற்றி. பால் பவுடர் என்றால் தாய்ப்பால் நன்றாக வரும்போது அதற்குத் தேவையே இல்லை, பாட்டிலும் தண்ணீரும் சுத்தமில்லாவிட்டால் பேதி வந்து உள்ள எடையும் போகும். டின்னில் வரும் தானிய உணவு விஷமில்லை, ஆனால் எடை ஏற, மேலே சொன்ன அரிசி-பருப்பு மசியல் செய்யாத எதையும் அது செய்யாது. பெரிய பிள்ளைகளுக்கான ஊட்டச்சத்து பானங்களை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, பலவற்றில் சர்க்கரை அதிகம். பசி எடுக்க சிரப் என்று மருந்துக்கடையில் தானாக வாங்காதீர்கள், அவற்றில் பல தூக்க மயக்கம் தரும் அலர்ஜி மருந்துகள். கிரைப் வாட்டரால் எடை ஏறாது. வசம்பை உரசி நாக்கில் தடவுவதாலும் ஏறாது, உரைகல்லின் அழுக்கு வயிற்றுக்குள் போவதுதான் மிச்சம். எண்ணெய் தேய்ப்பது குறைமாதக் குழந்தைகளுக்கு எடை கூட உதவுகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 9 மாதக் குழந்தைக்கு அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கெடுதலும் இல்லை. மூக்கிலும் காதிலும் மட்டும் விடாதீர்கள்.

தவழாததைப் பற்றிக் கவலை வேண்டாம். பிடிமானமில்லாமல் உட்காருகிறாளா என்பதுதான் இப்போதைய கேள்வி. 9 மாதத்தை ஒட்டி ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் அதைச் செய்துவிடும். தவழ்வது ஐந்து மாதத்திலும் வரலாம், பதின்மூன்று மாதத்திலும் வரலாம், நூற்றில் நாலைந்து குழந்தைகள் தவழாமலே எழுந்து நிற்கும். தரையில் விரித்துக் குப்புறப் போட்டு, கைக்கு எட்டாத தூரத்தில் கிண்ணத்தை வையுங்கள். வாக்கர் வாங்காதீர்கள், அது நடையைச் சீக்கிரம் கொண்டு வராது, படிக்கட்டிலும் அடுப்படியிலும் விபத்துதான் கொண்டு வரும்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கிறேன் என்று காத்திருக்க வேண்டாம்: பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து மூச்சிரைப்பது, அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணினால் மூச்சு 50-ஐத் தொடுவது, இரண்டு பாதத்திலும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்தினால் குழி விழுவது, பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் திரும்பத் திரும்பக் காய்ச்சல், முன்பு செய்ததை இப்போது செய்யாமல் போவது, எடை ஏறாததோடு இறங்குவது. வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், காசநோய் குழந்தையிடம் எடை ஏறாமையாக மட்டுமே தெரியலாம்.

இவை எதுவும் இல்லையென்றால், இன்று முதல் மூன்று நாள் எதை, எத்தனை ஸ்பூன், எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு சாப்பாட்டை மாற்றி, ஒரு மாதம் கழித்து அதே தராசில் பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் ஒரு மூத்திரம், ஒரு மலம் கணக்கையே புரட்டிவிடும், வீண் பயம். 9 மாதத்துக்கு மேல் இயல்பான ஏற்றமே மாதம் 230 கிராம் அளவில்தான். 250, 300 ஏறியிருந்தால் சாப்பாடுதான் காரணமாக இருந்திருக்கிறது, அப்படியே தொடருங்கள். நன்றாகச் சாப்பிட்டும் 100 கிராம்கூட ஏறவில்லை என்றால், அந்தத் தாளையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள். சிறுநீர்ச் சோதனையும் கல்ச்சரும் (கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்ப்பது) வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள், பெண் குழந்தைகளில் சிறுநீர்த் தொற்று சில நேரம் காய்ச்சல்கூட இல்லாமல் எடையை மட்டும் தடுத்து நிறுத்தலாம்.